விமானம் எத்தனை நடை தாங்கும்? உலோகச் சோர்வும் ஆயுள் கணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானக் கட்டமைப்பின் ஆயுளைக் கணிக்கும் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்தால், பலரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சூத்திரங்களைக் குறைத்துக்கொண்டேன். எண்களைக் குறைக்கவில்லை. இந்த விஷயத்தை எண் இல்லாமல் பேசினால் பயம் மட்டுமே மிஞ்சும்.

உலோகம் உயிரற்றது. அதற்கு எப்படிச் சோர்வு வரும்?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கம்பி கட்டுபவரைக் கவனித்துப் பாருங்கள். கையில் குறடு இல்லாவிட்டால், கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் சில முறை மடக்குவார். கம்பி அறுந்துவிடும். அதே கம்பியை நேராக இழுத்து அறுக்க அவரால் முடியாது. ஒரு முறை வந்தால் சுலபமாகத் தாங்கிவிடும் விசை, திரும்பத் திரும்ப வரும்போது உலோகம் தோற்றுப்போகிறது. அதைத்தான் உலோகச் சோர்வு என்கிறோம்.

கட்டுக்கம்பி வளைவது கண்ணுக்குத் தெரிகிறது. விமானத்தில் அப்படி எதுவும் தெரியாது. சுமை போனதும் தகடு பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். ஆனால் உலோகத்துக்குள் இருக்கும் படிகங்களில், ஏதோ ஒரு மூலையில், சீட்டுக்கட்டில் சீட்டுகள் வழுக்குவதுபோல அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருக்கும். 1903இல் யூயிங், ஹம்ஃப்ரி என்ற இருவர் இரும்பை மெருகேற்றி, சுமை ஏற்றி இறக்கி, நுண்ணோக்கியில் இந்த வழுக்கல் கோடுகளைப் பார்த்தார்கள். கோடுகள் அடர்ந்து, அகன்று, கடைசியில் விரிசலாவதையும் பார்த்தார்கள்.

சோர்வு என்ற பெயர் ஒரு தவறான எண்ணத்தைத் தரக்கூடும். ஓய்வு கொடுத்தால் மனிதனுக்குச் சோர்வு தீரும், உலோகத்துக்குத் தீராது. பத்து வருடம் கொட்டகையில் சும்மா நிறுத்தி வைத்தாலும், ஏற்கெனவே உண்டான விரிசல் அங்கேயே அப்படியே காத்திருக்கும்.

தகட்டைத் தடிமனாகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீராதா?

ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடலாம். போயிங் 737 விமானத்தின் உடற்பகுதி ஏறக்குறைய 3.76 மீட்டர் அகலம் உள்ள குழாய். மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்று, வெளியே இருப்பதைவிடச் சதுர மீட்டருக்கு சுமார் 5 டன் அதிகமாக அழுத்துகிறது. இதைத் தாங்கும் அலுமினியத் தோலின் தடிமன் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, 0.9 மில்லிமீட்டர்தான். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால், தோலில் ஏறும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, சுமார் 100 மெகாபாஸ்கல் என்று வரும். ஓர் எள்ளைவிடச் சிறிய பரப்பில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இதை அந்த உலோகம் தாராளமாகத் தாங்கும். சிக்கல், தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிக்கான துளையில் இருக்கிறது. தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் விளிம்பில் தகைவு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 100 என்பது 300 ஆகிவிடும். அந்தக் கலப்புலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு விமானத்தில் இப்படிப்பட்ட துளைகள் லட்சக்கணக்கில் உண்டு.

தடிமனை இரட்டிப்பாக்கினால் தகைவு பாதியாகும். தோலின் எடை இரட்டிப்பாகும். எந்த விமானத்தாலும் சுமக்க முடியாத பாதுகாப்பு அது. அதனால்தான் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணித்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது.

ஆயுளை வருடக் கணக்கில் சொல்லாமல் பறப்பு எண்ணிக்கையில் ஏன் சொல்கிறீர்கள்?

பஸ், லாரி ஓட்டுபவர்கள் “இன்று எத்தனை நடை?” என்று கேட்பார்கள். விமானத்தின் உடலுக்கும் அந்தச் சொல்லே பொருந்தும். ஒரு முறை ஏறி இறங்கினால் உடற்பகுதி ஒரு முறை ஊதிச் சுருங்குகிறது. அது ஒரு நடை. பத்து மணி நேரம் கடல் தாண்டிப் பறந்தாலும் ஒரு நடைதான். கால் மணி நேரத்தில் பக்கத்து ஊரில் இறங்கினாலும் ஒரு நடைதான்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் கூரை பிய்ந்துபோன அலோஹா ஏர்லைன்ஸ் 737 அதுவரை 35,496 மணி நேரம் பறந்திருந்தது. மணிக்கணக்கில் அது பெரிய வயதே இல்லை. ஆனால் அது முடித்திருந்தது 89,680 நடை. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு நடைக்கு 24 நிமிடம். தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த விமானம் அது. வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த இலக்கு 75,000 நடை.

இறக்கையின் கணக்கு கொஞ்சம் வேறு. அது காற்றுக் குலுங்கலிலும், திரும்பும்போதும், தரை தொடும்போதும் வளைந்து நிமிர்கிறது. தரையில் இறக்கை கீழே தொங்கி நிற்கும். மேலே போனதும் நிமிர்ந்து வளையும். ஒரு நடையில் வரும் மிகப் பெரிய ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அந்த மாற்றம்தான். போர் விமானங்களுக்கு நடையைவிட, எவ்வளவு கடுமையாகத் திருப்பினார்கள் என்பதே முக்கியம். அதனால் அவற்றில் கருவி பொருத்தி விமானம் விமானமாகத் தனிக்கணக்கு வைக்கிறார்கள்.

சரி, அந்த எண்ணை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

கதை ரயிலில் தொடங்குகிறது. 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, தீப்பிடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிகிறது என்ற கேள்வி அப்போதிருந்து பொறியாளர்களைத் துரத்தியது. பிரஷ்யாவில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்துப் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: எவ்வளவு சுமை என்பதைவிட, எவ்வளவு ஏறி எவ்வளவு இறங்குகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. தகைவை ஒரு பக்கமும், முறிவதற்கு ஆகும் சுழற்சிகளை இன்னொரு பக்கமும் வைத்து வரையும் எஸ்-என் வளைகோடு அவர் உழைப்பிலிருந்து வந்தது.

எஃகில் இந்தக் கோடு ஒரு கட்டத்தில் படுத்துவிடும். அதற்குக் கீழே எத்தனை முறை ஏற்றினாலும் நடைமுறையில் முறியாது எனலாம். அலுமினியத்தில் அப்படித் தெளிவான தரை கிடையாது. கோடு இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் விமானத்துக்கு ஒரே அளவுச் சுமை வருவதில்லை. அதற்கு ஒரு கூட்டல் விதி இருக்கிறது. பால்மகிரன் என்பவர் 1924இல் பேரிங்குகளுக்காகச் சொன்னார். மைனர் என்பவர் 1945இல் விமான உலோகத்துக்குச் சோதித்து வெளியிட்டார். உதாரணமாக, பெரிய குலுக்கல் 1 லட்சம் முறை வந்தால் ஒரு பாகம் முறியும் என்று வைத்துக்கொள்வோம். 20,000 முறை வந்துவிட்டால் ஆயுளில் 0.2 செலவு. நடுத்தரக் குலுக்கல் 10 லட்சம் தாங்கும். 3 லட்சம் வந்துவிட்டால் இன்னொரு 0.3. மொத்தம் 0.5, அதாவது பாதி ஆயுள் போய்விட்டது. கூட்டுத்தொகை 1 ஆனால் முடிந்தது.

குலுக்கல்கள் ஒழுங்கில்லாமல் வரும்போது எதை ஒரு சுழற்சி என்று எண்ணுவது? 1968இல் ஜப்பானில் மட்சுயிஷி, எண்டோ இருவரும் ஓர் அழகான வழி சொன்னார்கள். சுமைப் பதிவை நிமிர்த்தி வைத்தால் பல அடுக்குக் கூரை கொண்ட கோபுரம்போலத் தெரியும். அதன்மேல் மழை பெய்தால் நீர் எந்தச் சரிவிலிருந்து எந்தச் சரிவுக்குச் சொட்டி, எங்கே நிற்கும் என்று பின்தொடர்ந்தால் சுழற்சிகள் பிரிந்து கிடைக்கும். இன்றும் அதற்கு மழைநீர் முறை என்றே பெயர். மழை நாளில் ஓட்டுக் கூரையின் விளிம்பைப் பார்த்து நின்றவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அந்தக் கூட்டல் விதி நம்பகமானதா?

பயனுள்ளது, ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. எந்தச் சுமை முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று அது கேட்பதில்லை. உலோகம் கேட்கும். ஒரு பெரிய சுமை வந்துபோனால் துளை விளிம்பிலும் விரிசல் முனையிலும் உலோகம் கொஞ்சம் நெளிந்துவிடும். சுமை இறங்கியதும் சுற்றியிருக்கும் உலோகம் அந்த இடத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு வரும் சாதாரணச் சுமைகளில் விரிசல் மெதுவாகவே வளரும். சில பரிசோதனைகளில் ஏறக்குறைய நின்றேவிடும்.

கேட்க நல்ல செய்திபோல இருக்கும். இதுதான் கோமெட் விமானத்தில் பொறியாளர்களை ஏமாற்றியது.

கோமெட் சதுர ஜன்னலால் விழுந்தது என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் “சதுர ஜன்னல்” என்று சொல்லி முடித்துவிட்டால், கற்க வேண்டிய பாடம் கை நழுவிப்போகிறது.

டி ஹாவிலாண்ட் கோமெட் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரி 10 அன்று “யோக் பீட்டர்” என்று அழைக்கப்பட்ட கோமெட், இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே சிதறி 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே அதேபோலச் சிதறியது, 21 பேர். முதலாவது முடித்திருந்தது 1,290 நடை. இரண்டாவது சுமார் 900.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஆர்னால்ட் ஹால் தலைமையில், “யோக் அங்கிள்” என்ற முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உடலுக்குள் தண்ணீரை ஏற்றி இறக்கி அழுத்தம் கொடுத்தார்கள். ஏன் தண்ணீர்? அழுத்திய காற்று வெடித்தால் குண்டு வெடித்ததுபோல எல்லாம் சிதறிப்போகும், முதலில் கிழிந்த இடம் எது என்றே தெரியாது. தண்ணீர் அப்படி விரிவதில்லை. கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். நிஜத்தில் பறந்தது 1,221, தொட்டியில் 1,836, ஆக 3,057 நடையில், அவசர வழிக்கான வெட்டுக்கு அருகில் தோல் கிழிந்தது.

யோக் பீட்டரின் கிழிசல் தொடங்கியது பயணி எட்டிப்பார்க்கும் ஜன்னலில் அல்ல. கூரையில், திசை காட்டும் வானொலிக் கருவிக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு ரிவெட் துளை அருகே. அந்தத் திறப்புகளின் மூலைகள் வளைவானவைதான். ஆனால் வளைவு போதவில்லை. வெட்டின் விளிம்பில் தகைவு, பொருளின் இறுதி வலிமையில் 70 சதவீதம் வரை ஏறியது அளந்தபோது தெரியவந்தது. வடிவமைத்தவர்கள் அதைவிட மிகக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள்.

அவர்கள் சோதிக்காமல் விடவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கும் விஷயம். முன்பகுதி உடலைச் சோதனைக்கு வைத்து, சுமார் 16,000 முறை அழுத்தம் ஏற்றி இறக்கி, “தாங்குகிறது” என்று நிம்மதியடைந்தார்கள். ஆனால் அதே சோதனைத் துண்டு அதற்கு முன்பு, வலிமைச் சோதனைக்காக, பறக்கும்போது வரும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு வரை வாங்கியிருந்தது. அந்தப் பெரிய சுமையில் மூலைகள் நெளிந்து, நெருக்கிப் பிடித்துக்கொண்டுவிட்டன. பறந்த கோமெட்டுகளுக்கு அந்தக் கவசம் கிடைக்கவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு சோதனை, அடுத்த சோதனையின் பதிலைத் திரித்துவிட்டது. கூட்டலில் பிழையே இல்லை. கூட்டிய எண்தான் வேறு ஒரு பொருளின் ஆயுள்.

அந்த நான்கு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 900, 1,290, 3,057, 16,000. ஒரே வரைபடத்திலிருந்து வந்த உடல்கள்! ஒரே தகட்டில் அடுத்தடுத்து வெட்டி எடுத்த இரண்டு துண்டுகளைச் சோதித்தால்கூட ஆயுள் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுவது இந்தத் துறையில் சாதாரணம். அதனால்தான் சோதனையில் கிடைத்த ஆயுளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மூன்று, நான்கு, ஐந்து என்று வகுத்துக்கொள்கிறோம்.

அப்படி வகுத்துக்கொண்டால் போதுமே? அந்த எண்ணிக்கை வந்ததும் விமானத்தை நிறுத்திவிடலாமே?

அதற்குப் பாதுகாப்பு ஆயுள் முறை என்று பெயர். தரையிறங்கும் சக்கரத் தொகுதிக்கு இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறோம். ஹெலிகாப்டரின் பல பாகங்களுக்கும் அப்படித்தான். எண்ணிக்கை முடிந்தால், பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஆனால் இந்த முறை ஒரு விஷயத்தை மௌனமாக நம்பிக்கொள்கிறது: பாகம் குறையில்லாமல் பிறந்தது என்று. 1969 டிசம்பர் 22 அன்று அமெரிக்க விமானப் படையின் எஃப்-111 போர் விமானம் ஒன்று நெவாடாவில் இடது இறக்கை பிய்ந்து விழுந்தது. அதன் ஆயுள் ஆயிரக்கணக்கான மணி நேரம் என்று கணித்திருந்தார்கள். விழுந்தபோது அது பறந்திருந்தது சுமார் 100 மணி நேரம்தான். இறக்கையை முன்னும் பின்னும் திருப்பும் சுழல் பொருத்தில், எஃகை அடித்து உருவாக்கியபோதே உண்டான, இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமான குறை ஒன்று இருந்தது. எல்லாச் சோதனைகளையும் தாண்டி அது உள்ளே வந்துவிட்டது. அந்த மிக வலிமையான எஃகில் விரிசல் கொஞ்சம் வளர்ந்தாலே போதும், முறிந்துவிடும். சோர்வு வளர்த்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

“ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்” என்ற மாற்று ஏற்பாடும் தனியாக நின்று காப்பாற்றவில்லை. 1977 மே 14 அன்று ஸாம்பியாவின் லுசாகாவில், ஒரு சரக்கு போயிங் 707 தரையிறங்க வரும்போது வலது கிடைவால் கழன்று விழுந்து, உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். ஒரு பாகம் முறிந்தால் சுமையை அடுத்த பாகம் ஏற்கும்படி வடிவமைத்த வால் அது. முதல் பாகம் முறிந்ததை அடுத்த பாகம் போவதற்குள் யாராவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கும்படியான பரிசோதனை வகுக்கப்படவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் படிக்க வேண்டியது கோமெட்டைவிட லுசாகா விபத்தைத்தான்.

அடுத்த ஆண்டே, 1978இல், அமெரிக்க விதி மாறியது. குறை இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது வளர்ந்து ஆபத்தாகும் முன் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டு. இதுவே சேதத்தைத் தாங்கும் வடிவமைப்பு. அமெரிக்க விமானப் படை அதற்கு முன்பே, ரிவெட் துளையில் 1.27 மில்லிமீட்டர் விரிசல் முதல் நாளிலேயே இருப்பதாகக் கொண்டு கணக்குப் போட வேண்டும் என்று வைத்துவிட்டது.

விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்று எப்படித் தெரியும்?

பால் பாரிஸ் என்பவர் 1960களின் தொடக்கத்தில் சொன்னார்: விரிசல் முனையில் தகைவு எவ்வளவு உக்கிரமாக ஏறி இறங்குகிறது என்பதை ஒரே எண்ணாகத் திரட்டினால், விரிசல் வளரும் வேகம் அந்த எண்ணின் ஒரு படிக்கு (வர்க்கம், கனம் என்பதுபோன்ற அடுக்குக்கு) ஏற்ப அமையும். இன்று உலகமெங்கும் பயன்படும் இந்த விதியை அன்று மூன்று பெரிய ஆய்விதழ்கள் ஏற்கவில்லை. 1961இல் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு இதழில்தான் வெளிவந்தது.

அலுமினியத்துக்கு அந்தப் படி ஏறக்குறைய 3 முதல் 4. இதன் பொருளைக் கவனியுங்கள். சுமை 10 சதவீதம் கூடினால் விரிசலின் வேகம் 10 சதவீதம் கூடாது. 33 முதல் 46 சதவீதம் வரை கூடும். சுமையில் செய்யும் சிறு பிழை ஆயுளில் பெரும் பிழையாக வந்து நிற்கும்.

படி 3 என்று வைத்து ஒரு கற்பனை விரிசலைத் தொடர்வோம். 1.25 மில்லிமீட்டரிலிருந்து 5 வரை வளர 40,000 நடை ஆகிறது என்றால், 5லிருந்து 20 வரை வளர 20,000 நடை. 20லிருந்து 80 வரை வெறும் 10,000. ஒவ்வொரு நான்கு மடங்கு வளர்ச்சிக்கும் ஆகும் காலம் பாதிப் பாதியாகக் குறைகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியை விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே கழித்துவிடுகிறது. தெரியத் தொடங்கும்போது அவகாசம் சுருங்கிவிட்டது.

இந்த வளர்ச்சி உலோகத்தில் எழுதப்பட்டும் இருக்கும். முறிந்த முகப்பை முதன்முதலாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த நாள் எனக்கு மறக்காது. கடற்கரையில் அலை பின்வாங்கியபின் மணலில் தெரியும் வரிகளைப்போல, நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு சுமை ஏறி இறங்கிய அடையாளம். துளை அருகே கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. போகப் போக இடைவெளி அகன்றது. அவற்றை எண்ணினால், விரிசல் எத்தனை நடைக்கு முன் புறப்பட்டது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கிலிருந்து பரிசோதனைத் தேதி எப்படி வருகிறது?

மேலே சொன்ன கற்பனை விரிசலையே எடுத்துக்கொள்வோம். 80 மில்லிமீட்டர் என்பது முறியும் எல்லை. நம் கருவியால் 5 மில்லிமீட்டரை நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியும். 5லிருந்து 80 வரை 30,000 நடை அவகாசம். அதில் பாதி, 15,000 நடைக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று வகுப்போம். ஒரு முறை தவறவிட்டாலும் இன்னொரு வாய்ப்பு இருக்க வேண்டும் அல்லவா? உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைத் தேடும் சுழல் மின்னோட்டக் கருவியால் 1.25 மில்லிமீட்டரையே பிடிக்க முடிந்தால், அவகாசம் 70,000 நடையாக நீளும். பரிசோதனை 35,000 நடைக்கு ஒரு முறை போதும்.

ஆயுள் கணிப்பு என்ற சொல்லை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன். விமானம் எந்த நாளில் முறியும் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. எப்போது, எந்த இடத்தை, எந்தக் கருவியால் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். அந்தத் தேதியில் சாரத்தின்மேல் ஏறி, நள்ளிரவில், நூற்றுக்கணக்கான ஒரே மாதிரி ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் தொழில்நுட்பரின் கண்தான் என் கணக்கின் கடைசி வரி. அவருக்கு நல்ல வெளிச்சமும் போதிய தூக்கமும் கொடுக்காத பராமரிப்புக் கூடத்தில் என் கணக்குக்கு மதிப்பில்லை.

ஒவ்வொரு விரிசலும் சிறியது என்றால் ஆபத்து இல்லைதானே?

அலோஹாவில் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். விரிசல் நீண்டாலும், குறுக்கே இருக்கும் பட்டைகளைத் தொட்டதும் திசை திரும்பி, தோல் ஒரு மடல்போலத் திறந்து, காற்று மெல்ல வெளியேறிவிடும் என்பது வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. ஒரே ஒரு விரிசல் இருந்தால் அது நடந்திருக்கும்.

ஆனால் அந்த ஆரம்பகால 737களில், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பைப் பசையும் ரிவெட்டும் சேர்ந்து தாங்க வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் புகுந்து பசை விட்டது. முழுச் சுமையும் ரிவெட்டுகள்மேல் விழுந்தது. ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாகப் படிவதற்காக, மெல்லிய தகட்டில் துளையைச் சரிவாகக் குடைந்திருந்ததால், விளிம்பு கத்தி முனைபோல இருந்தது. அடுத்தடுத்த துளைகள் பலவற்றில் ஒரே காலத்தில் சிறு சிறு விரிசல்கள் முளைத்தன. ஒரு நாள் அவை கைகோத்துக்கொண்டன. தபால்தலைத் தாள் துளை வரிசையில் கிழிவதுபோல 5 மீட்டருக்கும் மேலான கூரை பறந்துபோனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். விமானிகள் எஞ்சிய விமானத்தை மாவுய் தீவில் இறக்கினார்கள்.

பரவலான சோர்வுச் சேதம் என்று இதற்குப் பெயர். தனித்தனி விரிசலைப் பார்த்துப் போடும் கணக்கு இங்கே பலிக்காது. அதனால்தான் 2010இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களின் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு செல்லுபடி எல்லை வேண்டும் என்றது. எத்தனை நடை வரை இந்தப் பராமரிப்புத் திட்டத்துக்குச் சோதனைச் சான்று இருக்கிறதோ, அத்தனை நடை வரைதான் பறக்கலாம். புதிய சான்று காட்டினால் எல்லையை நீட்டிக்கலாம்.

பழுது பார்த்தால் ஆயுள் திரும்பக் கிடைக்குமா?

சரியாகப் பார்த்தால் கிடைக்கும். தவறாகப் பார்த்தால், அன்றே ஒரு புதிய கடிகாரம் ஓடத் தொடங்கும்.

1978இல் ஒசாகாவில் ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 வாலைத் தரையில் உரசியது. உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை அடைத்துவைக்கும் பின்பக்க அழுத்தச் சுவரைப் பழுது பார்த்தபோது, இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்திருக்க வேண்டும். இரண்டாக வெட்டிப் பொருத்திவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசையில் விழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சுமார் 12,000 நடைக்குப் பிறகு, 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் வெடித்தது. 520 பேர் இறந்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள். ஒற்றை விமான விபத்துகளில் இன்றும் அதுவே மிகப் பெரியது.

சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று 1980இல் ஹாங்காங்கில் இதேபோல வால் உரசி, கீறல் விழுந்த தோலின்மேல் ஒட்டுத் தகடு போட்டுக்கொண்டது. கீறலைச் சரியாக நீக்காமல் மூடியதால், தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல் விரிசல் வளர்ந்தது. 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேலே விமானம் உடைந்தது. 225 பேர் இறந்தார்கள்.

முழு விமானத்தையே சோதித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?

நிறையத் தெரியும். ஏர்பஸ் ஏ380இன் முழு உடலை ஜெர்மனியின் டிரெஸ்டனில் நிறுத்தி, 47,500 நடைக்குச் சமமாக ஏற்றி இறக்கினார்கள். வடிவமைப்பு இலக்கைப்போல இரண்டரை மடங்கு. இருந்தும் 2012இல் பறந்துகொண்டிருந்த ஏ380களின் இறக்கைக்குள், விலா எலும்புபோன்ற சட்டங்களைத் தோலோடு பிணைக்கும் சிறு கால்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பாகங்களைப் பூட்டும்போதே உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும், அந்தக் கால்களுக்குத் தேர்ந்தெடுத்த கலப்புலோகமும் காரணமாயின. சோதனையில் நிற்பது ஒரு விமானம். தொழிற்சாலையிலிருந்து வருவது பல விமானங்கள்.

கணினி வந்தபின் இதெல்லாம் துல்லியமாகிவிட்டதா?

தகைவைக் கண்டுபிடிப்பது மிகத் துல்லியமாகிவிட்டது. ஆனால் துளையை இட்ட கருவியின் முனை மழுங்கியிருந்ததா, ஈரம் புகுந்ததா என்று நாம் சொல்லாவிட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. ஏழு இலக்கத்தில் ஆயுளை அச்சிட்டுக் கொடுத்தாலும் முதல் இலக்கத்தைத்தான் நான் நம்புவேன்.

கார்பன் இழை விமானங்களுக்கு இந்தக் கவலை இல்லையா?

இழைத் தோலில் விரிசல் இப்படி நடைக்கு நடை வளர்வதில்லை. அங்கே கவலை வேறு: கருவி விழுந்து, வண்டி மோதி உள்ளே அடுக்கு பிரிவது. ஆனால் அந்த விமானங்களிலும் சக்கரத் தொகுதியும், எஞ்சினைத் தாங்கும் பொருத்துகளும் உலோகம்தான்.

பயணியாக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. அந்த அலோஹா விமானத்தில் ஏறிய பெண் பயணி ஒருவர், ஹிலோ விமான நிலையத்தில் ஏறுபாலத்தின் முனையில் நின்றபோது ஒரு விரிசலைப் பார்த்தார். கதவுக்கும் பாலத்தின் கூரை விளிம்புக்கும் நடுவே, மேல் வரிசை ரிவெட்டுகளை ஒட்டி, நீளவாக்கில் ஓடிய விரிசல். பெரிய விஷயமாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நம்மில் யாரும் நினைத்திருப்போம். அவர் யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தார். பிறகு விசாரணையில் சொன்னார். ஏறும்போது அப்படி எதையாவது கண்டால், வெட்கப்படாமல், கதவருகே நிற்கும் பணியாளரிடம் விரலை நீட்டிக் காட்டுங்கள். வெறும் பெயின்ட் கீறலாக இருந்தால் ஒரு நிமிடம்தான் போகும்.